இலக்கைப் பார்க்காத மாமா

துப்பாக்கி சுடுகிற இடத்தில் நிற்பவர்கள் எல்லாரும் இலக்காக வைத்த ஓடு உடைந்ததா இல்லையா என்றுதான் பார்ப்பார்கள். எங்கள் மாமா சுடுகிறவன் முகத்தைப் பார்ப்பார். குண்டு எங்கே போனது என்பதைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. சுட்டு முடித்த ஆள் ஆவலாக, "பட்டுச்சா மாமா?" என்று கேட்டால், "அது கெடக்குது வுடு. இப்படித் திரும்பு" என்பார். திரும்பிய முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அந்த ஆளுக்கு அன்றைக்குத் தெரியாது. மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச நாள் போன பிறகு, தறிக்குக் கேட்ட நூல் கிடைப்பதிலோ கிடைக்காமல் போவதிலோ தெரிந்துகொள்வார்.

அவர் என் அம்மாவுக்குப் பெரிய அண்ணன். குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் அவரிடம் நூல் எடுத்து லுங்கி நெய்து அவரிடமே கொண்டுபோய்ப் போட்டன. என் அப்பாவின் தறிகளும் அப்படித்தான் ஓடின. ஆகவே எங்கள் வீட்டில் அவர் உறவுக்காரராக வருகிறாரா, முதலாளியாக வருகிறாரா என்று செருப்புச் சத்தம் வாசலுக்கு வரும் வரைக்கும் சொல்ல முடியாது. ஆள் குள்ளம், ஒடிசல். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். எதிரே இருப்பவனே தன்னிடம் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவான்.

"உங்க மாமா மூஞ்சியப் பார்த்தே ஆளை எடை போட்டுடுவாரும்மா" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பயந்துகொண்டே சொல்கிற பெருமை அது. அந்த வயதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஏலகிரியில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. எவரோ ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற வீடு. அதோடு சேர்ந்து மூன்று பழைய துப்பாக்கிகளும் வந்தன. குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கலகம் செய்த காலத்துச் சரக்கு என்று மாமா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். உண்மையா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. லைசென்ஸ் தன் பேருக்கு மாற வேலூருக்கு நடையாய் நடந்தார். எலெக்ஷன் வந்து துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டால், அவை திரும்பி வருகிற வரைக்கும் வீட்டில் யாரும் அவர் பக்கம் போகமாட்டோம்.

ஒவ்வொரு கோடை லீவுக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அந்த வீட்டுக்குப் போவோம். கீழே வாணியம்பாடியில் தார் உருகிக்கொண்டிருக்கும். மேலே காலையில் போர்வை வேண்டும். ஒரு வாரம் பலாப்பழமும் கறிச்சோறுமாகப் போகும். அதற்கு விலையாக ஒரு நாள் காலை ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் துப்பாக்கி சுட வேண்டும். எதிர்ப்பக்கம் ஆள் உயரத்துக்கு மண்ணைக் குவித்து, அதில் நாட்டு ஓடுகளைச் செருகி வைத்திருப்பார்கள். மருந்து கெட்டிப்பது மாமா மட்டும்தான். வேறு யார் கையும் படக்கூடாது. அளந்து கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை மெல்லிய ஆட்டுத்தோல் துண்டில் சுற்றிப் போட்டு, நீளமான இரும்புக் கம்பியால் அடிவரைக்கும் இடிப்பார். அந்தத் தோல் துண்டுகள் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளில் கழித்துப் போடுகிறவை. கேப்பு என்கிற, மொட்டு மாதிரிச் சின்னச் செம்பு மூடியைச் சுத்திக்குக் கீழே பொருத்தி நீட்டுவார். விசையை இழுத்தால் சுத்தி கேப்பின் மேல் விழும். கேப்பு வெடித்து, அந்த நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

"சில நேரம் கேப்பு மட்டும் வெடிக்கும், உள்ள மருந்து புடிக்காது" என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வார். "அப்படி ஆச்சுன்னா குழலை மண்மேட்டுப் பக்கமே வெச்சிக்கினு ஆடாம நில்லு. என்னாண்ட சொல்லு. அது மேல இன்னொரு தபா கெட்டிச்சா குழலு கிழிஞ்சிடும். கை இருக்காது."

நல்ல எச்சரிக்கைதான். எல்லாருக்கும் மனப்பாடம்.

அவரைப் பற்றிக் கெட்டதை மட்டும் சொன்னால் எனக்கே ஆகாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் எனக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து, வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அம்மாவும் அப்பாவும் டாக்டர் வாயிலிருந்து என்ன வரப் போகிறதோ என்று அவர் பின்னாலேயே அலைந்தார்கள். மாமா என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிலை விட்டுவிட்டுத் தினமும் வந்து அப்படி உட்கார்ந்தார். ஒரு நாள் டாக்டர் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று இழுத்துக்கொண்டிருக்கும்போதே மாமா எழுந்து, "பொழச்சிக்கிச்சு. கஞ்சி குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நான் பிழைத்தேன். அந்த மாமா மேல் எனக்கு உயிர்.

வேலூர் லாங் பஜாரில் நடந்ததை அப்பா ரசித்து ரசித்துச் சொல்வார். மாமா சாயம் வாங்க ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பி டப்பாக்களை எடுத்துக்கொண்டே ஒரு விலை சொன்னார். மாமா பேசவில்லை. கடைக்காரர் கொஞ்சம் குறைத்தார். மாமா பேசவில்லை. இன்னும் குறைத்தார். கடைசியில் கடைக்காரரே திரும்பி, "அண்ணே, இதுக்கும் கம்மியா குடுத்தா நான் கடையச் சாத்திக்கினு போவ வேண்டியதுதான்" என்றார். மாமா அவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போடு" என்றார். இப்படி ஒரு வியாபாரி இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று அப்பா தொடையைத் தட்டிக்கொள்வார்.

மல்லிகா அக்கா கதைக்கு யாரும் தொடையைத் தட்டிக்கொண்டதில்லை. மாமாவுக்கு ஒரே மகள் அவள். என்னைவிட மூத்தவள், படிப்பில் கெட்டி. வேலூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. தன் அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் தவித்தாள். கடைசியில் ஏலகிரியில் ஒரு சாயங்காலம், மாமா பிரம்பு நாற்காலியில் சாய்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று கேட்டாள். நேருக்கு நேர் கேட்கிற துணிச்சல் அந்த வீட்டில் யாருக்கு இருந்தது? நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, உள்ளே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நர்ஸ் படிப்புக்கு எடம் கெடச்சிருக்குது. போவட்டுமாப்பா? ஹாஸ்டல் இருக்குது. ஒரு பேஜாரும் வராம பார்த்துக்கறேன்."

மாமா திரும்பவில்லை. எதிரே மலையில் எங்கோ தீ எரிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இன்னும் ஒருமுறை கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போய் அழுதாள். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தக்கூடியவர் மாமா என்று ஊரே பேசிக்கொண்டது. அன்றிலிருந்து அவர் எதிரே போவதை நான் குறைத்துக்கொண்டேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் துப்பாக்கி சுடுகிற முறையை அவர் மாற்றினார். அதுவரைக்கும் ஒருவர் பின் ஒருவராகச் சுடுவார்கள். இப்போது மூன்று பேரும் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட வேண்டும். மாமா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உயர்த்திக் கீழே வீசுவார். மூன்று வெடியும் சேர்ந்து விழும். பள்ளம் முழுக்கப் புகை அடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் அவர் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். சத்தத்தைக் கையால் வாங்கிக்கொள்கிறவர் மாதிரி இருக்கும். "ஒத்தை வெடி இன்னா வெடி, மூணும் சேர்ந்து விழுந்தாத்தான் வெடி" என்பார். வயதாக ஆக ஆசை ஜாஸ்தியாகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். கெட்டிக்கும்போதுகூடத் துப்பாக்கியைப் பார்ப்பது குறைந்துபோயிற்று. அடுத்துச் சுட வருகிறவனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கை தன் பாட்டுக்கு மருந்தைக் கொட்டி இடிக்கும்.

எண்பது பிறந்து இரண்டொரு வருஷம் ஆன அந்தக் கோடையில் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஏலகிரிக்கு வந்தார். மாப்பிள்ளை என்று சொல்வதற்கு அப்போது எனக்கு உரிமை இல்லை; மாமா பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லே. பெயர் தயாளன். எங்கள் நெசவுக்கார ஜனம்தான். ஆனால் தறியை விட்டுவிட்டுத் தோல் படிப்பு படித்து, ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தார். தோல் நாற்றத்தில் பெண்ணைக் கொண்டுபோய்ப் போடுவதா என்று எங்கள் பக்கத்தில் முணுமுணுப்பு. அப்பாவுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. பெண் பார்க்க வந்த அன்று எல்லார் முன்னாலும், "உங்களுக்கு இதில் சம்மதம்தானா?" என்று என்னைக் கேட்டார். என்னிடம் அதற்கு முன் எதற்கும் சம்மதம் கேட்டவர் கிடையாது. இந்த மனுஷனோடுதான் இருக்க வேண்டும் என்று நான் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

மாமா மட்டும் முடிவு செய்யவில்லை. "மலைக்கு வரச் சொல்லு. சுடட்டும், பார்க்கலாம்" என்றார்.

அந்தக் காலை எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. இரவெல்லாம் மழை தூறி, விடிந்தும் ஈரம் காயவில்லை. முதல் வரிசையில் மூன்று பேர்: அப்பா, என் அண்ணன், தயாளனின் அண்ணன். என் அண்ணன் நடுவில். மல்லிகா அக்காவும் அம்மாவும் பலா மரத்தடியில் நின்றார்கள். நான் டீ கொண்டுபோனவள், அவர்களுக்கும் முன்னால் போய்ப் பக்கவாட்டில் நின்றேன். மாமா துண்டை வீசினார். வெடித்தது. என் அண்ணன் முகத்தைச் சுளித்துத் தோளைக் குறுக்கினான். மாமா நெஞ்சில் கை வைத்தபடி அவன் முகத்தைப் பார்த்து, அவனுடைய வெடியும் போய்விட்டது என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

ஆனால் நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இரண்டு குழலின் வாயிலிருந்துதான் புகை வந்தது. நடுவில் இருந்த குழலின் வாயில் ஒன்றும் இல்லை. சுத்திக்குக் கீழே மட்டும் ஒரு சின்னப் பொறி, கொஞ்சம் புகை.

"அண்ணா, உன்னுது வெடிக்கல" என்றேன்.

"வெடிச்சுதே. காதே அடச்சுப்போச்சு எனக்கு" என்றான். இரண்டு பக்கமும் வெடித்த வெடியில் தன்னுடையதும் வெடித்ததாகவே அவன் நம்பினான். அதுவரைக்கும் கோடையில் தறிகளைப் பார்த்துக்கொள்ள அவன் ஊரிலேயே தங்கிவிடுவான், துப்பாக்கி தொட்டதில்லை. வெடித்தால் தோளில் எப்படி இடிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அதற்குள் மாமா நடுத் துப்பாக்கியை வாங்கி, முதுகை எங்கள் பக்கம் காட்டி நின்று, மருந்தைக் கொட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்துத் தனியாகச் சுட வேண்டிய தயாளன் எதிரே நின்றார். மாமாவின் கண் தயாளன் முகத்தை விட்டு அசையவில்லை.

"மாமா, அது வெடிக்கல. உள்ள மருந்து அப்படியே இருக்குது."

மாமா திரும்பவில்லை. குண்டைப் போட்டார்.

"மாமா, கெட்டிக்காதீங்க மாமா. ஏற்கனவே உள்ள இருக்குது."

அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருடி. அண்ணனுக்குத் தெரியாததையா நீ சொல்லப் போற. மாப்பிள்ளை முன்னாடி மானத்த வாங்காத."

மாமா கம்பியை உள்ளே விட்டு இடித்தார். கம்பி வழக்கம்போல உள்ளே போகவில்லை. குழலின் வாய்க்கு மேலே ஒரு சாண் நீளம் துருத்திக்கொண்டு நின்றது. உள்ளே பழைய மருந்தும் குண்டும் அடைத்துக்கொண்டிருந்தன. இந்த முறை கத்தினேன். அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அப்பா மாமாவைப் பார்த்தார். அண்ணன் மாமாவைப் பார்த்தான். தயாளனின் அண்ணனும் மாமாவைப் பார்த்தார். மாமா திரும்பவில்லை, நிறுத்தவும் இல்லை. அவ்வளவு கத்தியும் அவர் கண்டுகொள்ளவில்லை என்றால் அதில் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று எல்லாரும் பேசாமல் நின்றார்கள். இத்தனை வருஷமாக நாங்கள் பழகியிருந்தது அதற்குத்தான்.

கேப்பைப் பொருத்தித் துப்பாக்கியைத் தயாளன் கையில் கொடுத்தார். இரண்டு அடி பின்னால் வந்து துண்டை உயர்த்தினார்.

தயாளன் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோகவில்லை. குழலை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, அதைக் குனிந்து பார்த்தபடி, "இதுல ஏற்கனவே மருந்து இருக்குதுன்னு அவங்க சொல்றாங்க மாமா. ஒருதரம் பார்த்துடலாமே" என்றார்.

குனிந்த முகத்தில் உதடு தெரியாது. மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் சுடச் சொன்னதும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்ட ஓர் ஆள்தான். அவர் வாய் லேசாகக் கோணிற்று. துண்டை இறக்கினார்.

"குடு இப்படி" என்று துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

அப்போதுதான் வீட்டுப் பக்கத்திலிருந்து அத்தை ஓடி வந்தார். என் கத்தல் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. கையில் மாவு, முந்தானை தரையில் இழுபடுகிறது. வந்தவர் மாமாவின் தோளைப் பிடிக்கப் போகவில்லை. மாமாவைச் சுற்றிக்கொண்டு அவருக்கு எதிர்ப்பக்கமாக, நீட்டிய குழலுக்கு முன்னால் போவதற்கு ஓடினார். அந்தப் பொம்பளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன். துப்பாக்கியின் வாய்க்கு எதிரே போய் நிற்க யாராவது ஓடுவார்களா? அவர் ஓடிக்கொண்டே வாயைப் பெரிதாகத் திறந்து, கையை ஆட்டி, "வேணாம், வேணாம்" என்றார்.

மாமா முகத்துக்கு எதிரே வர இன்னும் இரண்டு எட்டுத்தான் இருந்தது. மாமா விசையை இழுத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. புகை கலைந்தபோது மாமா உட்கார்ந்திருந்தார். குழல் நடுவில் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. குழலைத் தாங்கியிருந்த அவருடைய இடது கையில் கட்டை விரல் மட்டும்தான் விரலாக இருந்தது. அத்தைக்குக் கன்னத்தில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. அழுகைச் சத்தம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. மாமா அழவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முகத்தில் நிறுத்தினார்.

"இன்னா சொல்லிக்கினு இருந்தே நீ?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை அவர் எதிரே மண்டியிட்டு, உதட்டை ஒவ்வொரு சொல்லுக்கும் அழுத்தி அசைத்து, நான் கத்தியதைச் சத்தமே இல்லாமல் சொன்னார். மாமா அத்தையின் வாயையே பார்த்துத் தலையசைத்தார். எங்கள் ஜனத்துக்கு அந்தப் பேச்சு புதிதில்லை. விசைத்தறி ஓடுகிற கொட்டகையில் நின்றுகொண்டு எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். அங்கே காது உதவாது, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பள்ளத்தில் தறி ஒன்றும் ஓடவில்லை. அந்த மலையில் அப்போது காற்றின் சத்தம் மட்டும்தான்.

ஜீப்பில் போட்டுக்கொண்டு மலை இறங்கினோம். அத்தை மடியில் மாமாவின் தலை. அப்பா முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். பின்னால் நானும் மல்லிகா அக்காவும். ஒவ்வொரு வளைவிலும் மாமாவின் கையில் சுற்றிய துணி நனைந்து இன்னொரு துணி சுற்றினோம்.

"அவருக்குக் காது கேக்கறதில்ல" என்றார் அத்தை, யாரையும் பார்க்காமல். "தறிச் சத்தத்துல போச்சு. கொஞ்சம் கொஞ்சமா போயி, ரொம்ப வருஷமாச்சு, சுத்தமா இல்ல. மூஞ்சியப் பார்த்து சமாளிச்சிக்கினு இருந்தாரு. வெளிய தெரிஞ்சா நூல்காரன் ஒருத்தனும் மதிக்கமாட்டான். நீங்களும் யாராண்டயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அப்பா உடனே தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஆள் எடை போடுகிற பார்வை, லாங் பஜார் வியாபாரம், எல்லாம் அவர் மனசில் புரண்டிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மல்லிகா அக்கா நனைந்த துணியை ஜீப்பின் தரையில் போட்டாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்கு நான் நர்ஸ் படிப்புக்குக் கேட்டது அப்பா காதுல வுழலியாம்மா?"

"வுழலடி."

"நீ உள்ள இருந்தியே. உனக்குக் கேட்டுச்சில்ல?"

அத்தை குனிந்து மாமாவின் கையில் துணியை இறுக்கிக் கட்டினார். மாமா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்ன கேட்டாள் என்று அவருக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அக்கா அதற்குப் பிறகு ஏலகிரி வீட்டுக்கு வரவில்லை.

மாமா பிழைத்துவிட்டார். கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு குடியாத்தத்துக்கு வந்ததும், பழையபடி நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். வேட்டைக்குப் போன இடத்தில் அடிபட்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். ஊருக்கு அவர் மேல் மரியாதை கூடிற்று. நாங்கள் தெரிந்தவர்கள் மட்டும் அவர் எதிரே போய் நின்று பேசப் பழகிக்கொண்டோம். வேறு எதுவும் மாறவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

ஆம்பூரிலிருந்து தயாளன் வீட்டார் என்ன முடிவு என்று ஆள் அனுப்பினார்கள். அப்பா மாமாவிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, சட்டையைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்தார்.

"வேணாம்னுட்டாரும்மா. 'சுடுன்னு நான் சொன்னேன். அவன் சுடல. என் பேச்சுக்கு நிக்காதவன் நம்ம வூட்டுக்கு ஆவ மாட்டான்'னு சொல்றாரு."

"சுட்டிருந்தா அவர் கை போயிருக்கும்ப்பா. உயிரே போயிருக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எனக்குத் தெரியாம இன்னா? ஆனா மச்சான் சொல்லிட்டாரே."

"அவருக்குக் காதே கேக்காதுப்பா."

அப்பா அவசரமாக எழுந்து தெருக்கதவைச் சாத்தினார். அந்த மனுஷரிடம் இனிப் பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் நானே போனேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அத்தை பக்கத்தில் தட்டில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்கவில்லை. பக்கத்திலும் நிற்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி நேர் எதிரே நின்று, குனிந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

"மாமா, எனக்கு அவரையே கட்டி வையுங்க. அவர் பயந்துக்கினு நிக்கல. நான் சொன்னேன், அதைக் கேட்டுத்தான் நின்னார்."

முதல் வாக்கியம் முழுவதையும் மாமா என் உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். அது எனக்குத் தெரிந்தது. அவர் புருவம் ஏறி இறங்கியது. இரண்டாவதை நான் ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமில்லை. இமை இரண்டும் இறுகி இருந்தன. நான் நிறுத்தவில்லை. மூடிய கண்ணுக்கு எதிரே நின்று மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். சொல்லி முடித்துவிட்டு நின்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. அத்தை என் தோளைத் தொட்டு, "போம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் காதில் விழாமல் போனது எவ்வளவு, விழ வேண்டாம் என்று அவர் விட்டது எவ்வளவு என்று அன்றைக்குத் தெருவில் நடந்து வரும்போது யோசித்தேன். யோசித்துக்கொண்டே எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த தையில் என்னைத் திருப்பத்தூரில் ஓர் அரிசி மண்டிக்காரருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கெட்டி மேளம் கொட்டி, எல்லாரும் அரிசியை வீசி, தாலி கழுத்தில் ஏறுகிற நேரத்தில் மாமா மணவறைக்கு எதிரே முதல் நாற்காலியில் இருந்தார். தாலியை அவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண் தலை குனிந்து இருக்க வேண்டிய நேரம் அது. நான் நிமிர்ந்து அவருக்கு என் முகத்தை முழுசாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடட்டும் என்று இருந்தேன். அவருக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.